புளிக்குழம்புக்கு ஹார்ட் அனோடைஸ்டு குக்கர்: டயாலிசிஸ் டெக்னீஷியன் ஒருத்தியின் மதிப்பீடு

வாங்கியது: 5 லிட்டர் ஹார்ட் அனோடைஸ்டு பிரஷர் குக்கர், எவர்சில்வர் மூடி. கூடவே ஒரு டிரைப்ளை (மூன்று அடுக்குத் தகடு) வாணலியும் ஒரு சின்ன டிரைப்ளை சாஸ்பேனும். வாங்கிய இடம்: திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடை. குக்கர் எங்கள் அடுப்பில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பாதியில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்காக முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்கள் மட்டும் சாப்பிடும் வீடு என்றால், இந்தக் குக்கரைத் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சிறுநீரகம் பழுதான ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கான சமையலை எவர்சில்வரிலோ டிரைப்ளையிலோ செய்யுங்கள். தரமுத்திரை இல்லாத, உருக்கி வார்த்துச் செய்த இண்டாலியம் (அலுமினியக் கலவை) சட்டி எந்த வீட்டுக்குமே வேண்டாம். இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். நம் ஊரில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்; சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் வைத்துச் சுத்தம் செய்கிற வேலை. அலுமினியம் மனித உடம்பில் என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் டயாலிசிஸ் நோயாளிகள்தான். அதனால் இந்த உலோகத்தை வெறும் பாத்திரமாக என்னால் பார்க்க முடிவதில்லை. எங்கள் வீட்டில் அத்தைக்குச் சர்க்கரை நோய். சிறுநீரகம் மெல்லப் படுத்துக்கொண்டு வருகிறது, சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் 3-ஐத் தாண்டிவிட்டது. குழந்தைகள் இரண்டு பேர். எனவே எங்கள் சமையலறைக்குள் அலுமினியத்தைப் பற்றி மூன்று விதமான பதில்கள் தேவைப்பட்டன.

முதலில் குக்கர். சாதாரண அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடன் ஒரு ஆக்சைடு படலம் தானாக உண்டாகும். சில நானோமீட்டர் கனம்தான் இருக்கும். தண்ணீர், பால், சோறு, பருப்பு போன்றவற்றிடம் அந்தப் படலம் உலோகத்தைக் காப்பாற்றிவிடும். புளிப்பு வந்தால் கரைந்துவிடும். சோடா உப்பு, சாம்பல், வாஷிங் சோடா மாதிரி காரம் வந்தாலும் கரைந்துவிடும். ஹார்ட் அனோடைஸ்டு என்பது இதே படலத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி, பல்லாயிரம் மடங்கு கனமாக, பத்துக்கணக்கான மைக்ரான் அளவுக்கு வளர்த்தெடுப்பது. கருஞ்சாம்பல் நிறம் அப்படி வருவதுதான். நான்ஸ்டிக் மாதிரி மேலே பூசிய பெயின்ட் கிடையாது, அதனால் உரிந்து விழாது.

வாங்கிய புதிதில் ஒரு காரியம் செய்தேன். கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரில் உப்பைப் போட்டு, பாதியை இந்தக் குக்கரிலும் பாதியை அம்மா கொடுத்த பழைய அலுமினியச் சட்டியிலும் கொதிக்க வைத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் பழைய சட்டியில் புளி நின்ற மட்டம் வரைக்கும் பளபளவென்று வெளுத்திருந்தது. அதற்கு மேலே பழைய கருப்பு. அடியில் இரண்டு மூன்று இடத்தில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள். குக்கரில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் இல்லை. கண்ணால் பார்ப்பது ஆய்வகச் சோதனை ஆகாது, மில்லிகிராம் கணக்கு அதில் வராது. ஆனாலும் அந்த வெளுப்பு என்ன என்று நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கருத்துப்போன குக்கரைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறதே, அப்போது கரைந்து போவது அந்தப் படலமும் அதற்கடியில் இருக்கும் கொஞ்சம் உலோகமும்தான். தேய்த்துக் கழுவும்போது அது சாக்கடைக்குப் போகிறது. குழம்பு வைக்கும்போது தட்டுக்கு வருகிறது.

எவ்வளவு வருகிறது? புளிப்பும் உப்புமான சமையல் நீண்ட நேரம் கொதித்தால், ஒருவர் சாப்பிடும் அளவில் சில மில்லிகிராம் வரை சேரலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011-ல் வைத்த வரம்பு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் 1 மில்லிகிராம் என்று இன்னும் இறுக்கமாக வைத்தது. 60 கிலோ ஆளுக்கு வாரம் 60 அல்லது 120 மில்லிகிராம். குழம்புச் சட்டியிலிருந்து வருவது மட்டும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வரம்பைத் தொடாது. 15 கிலோ குழந்தைக்கு ஐரோப்பிய வரம்புப்படி வாரத்துக்கு 15 மில்லிகிராம்தான் என்பதை அம்மாக்கள் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு வைக்கும் தக்காளி ரசத்தை எவர்சில்வருக்கு மாற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை.

சாப்பிட்ட அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்துக்குப் போவதில்லை, ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். மற்றதெல்லாம் மலத்தோடு வெளியேறிவிடும். ரத்தத்துக்குப் போனதையும் சிறுநீரகம் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். ஆரோக்கியமான ஒருவரைக் காப்பது இந்த இரண்டு கதவுகள். டயாலிசிஸ் நோயாளிக்கு இரண்டாவது கதவு மூடியாயிற்று. டயாலிசிஸ் தண்ணீர் சரியில்லை என்றால் முதல் கதவும் இல்லாமல் போய்விடும்.

எங்கள் யூனிட்டில் காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்னால் பார்ப்பது தண்ணீரைத்தான். ஆர்.ஓ. பிளான்ட்டின் ரீடிங், கார்பன் டேங்க்கைத் தாண்டிக் குளோரின் வருகிறதா என்ற சோதனை, அதற்குப் பிறகுதான் மெஷின். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரம் ஓடினால், ஒரு நோயாளியின் ரத்தத்தை ஒட்டி 120 லிட்டர் திரவம் போகிறது. நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். நமக்குக் குடிதண்ணீரில் அலுமினியத்துக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 0.03 மில்லிகிராமும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 0.2 வரையும் வைத்திருக்கிறது. டயாலிசிஸ் தண்ணீருக்கு 0.01-ஐத் தாண்டக் கூடாது. ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்க நகராட்சிகள் படிகாரம் போடும், அதுவும் அலுமினிய உப்புதான். அதனால் குழாயில் வரும் தண்ணீர் குடிக்க நல்லதாக இருந்தாலும், அப்படியே மெஷினுக்குள் விட முடியாது.

இந்த 0.01 என்கிற எண்ணுக்குப் பின்னால் எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன. 1970-களில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களில் சிலருக்குத் திடீரென்று பேச்சு குழறும். கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், பிறகு வலிப்பு, நினைவு தப்புதல், சில மாதங்களில் மரணம். அமெரிக்காவில் டென்வரைச் சேர்ந்த மருத்துவர் ஆல்ஃப்ரியும் உடனிருந்தவர்களும் 1976-ல் இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிக அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் எலும்புகள் பலமிழந்து, தொட்டால் ஒடிகிற நிலைக்குப் பலர் போனார்கள்; அங்கேயும் காரணம் தண்ணீரில் இருந்த அலுமினியம். இரும்புச்சத்து கொடுத்தாலும் தேறாத ரத்தசோகையும் இதன் அடையாளம்தான். இவ்வளவும் தெரிந்த பிறகும் 1996-ல் கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவில், சிமென்ட் பூச்சுள்ள புதிய தண்ணீர்க் குழாயிலிருந்து அலுமினியம் கசிந்து ஒரு டயாலிசிஸ் மையத்தில் 10 நோயாளிகள் இறந்துபோனார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் அந்தச் சம்பவத்தைப் படித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். மெஷின் ஓடுகிறது, அலாரம் இல்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது; அப்படி இருந்தும் அது நடந்தது.

டயாலிசிஸ் நோயாளிகளைக் கெடுத்தது தண்ணீர் மட்டும் இல்லை. ரத்தத்தில் ஏறுகிற பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த அலுமினியம் ஹைட்ராக்சைடு மாத்திரைகளை வருடக்கணக்கில் கொடுத்து வந்தார்கள். அதன் ஆபத்து தெரிந்த பிறகு கால்சியத்துக்கும் வேறு மருந்துகளுக்கும் மாறினார்கள். சிட்ரேட் சேர்ந்தால் குடல் அலுமினியத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எலுமிச்சம்பழத்தில் இருப்பது சிட்ரிக் அமிலம், சிட்ரேட் அதன் உப்பு. அதனால்தான் அத்தைக்கு எலுமிச்சை ரசம் வைக்கிற பாத்திரத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். டிரைப்ளை சாஸ்பேன் வாங்கியதே அவருக்காகத்தான். உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே அடுப்பில் வைக்கத் தோதான இன்னொரு எவர்சில்வர். அலுமினியம் சூட்டைப் பரப்புகிற வேலையை மட்டும் செய்கிறது, சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. ரசம் நுரை கட்டி வருவதற்குத் தனி எவர்சில்வரைவிட இது நல்லது, அடி பிடிக்கவில்லை. விலைதான் கசக்கிறது.

பாத்திரத்தை மாற்றிவிட்டு மருந்தை மறந்துவிடாதீர்கள். வயிற்றெரிச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற இளஞ்சிவப்பு, வெள்ளை சிரப்புகள் பலவற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடுதான் முக்கியச் சரக்கு. ஒரு ஸ்பூனில் பல பத்து மில்லிகிராம் அலுமினியம் இருக்கும். வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் ஒரு கிராமில் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம். புளிக்குழம்புச் சட்டி ஒரு வாரத்தில் கொடுப்பதை இவை ஒரே நாளில் கொடுத்துவிடும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் நாலு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. டயாலிசிஸுக்கு வருகிற அண்ணன் ஒருவர் படுக்கைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பாட்டிலைப் பார்த்ததும் நான் டாக்டரிடம் சொன்னேன், அன்றைக்கே மாற்றி எழுதினார். "வெறும் கேஸ் மருந்துதானே கண்ணு" என்றார் அந்த அண்ணன். கிரியேட்டினின் ஏறியிருக்கிற யாரும் டாக்டரைக் கேட்காமல் அந்தச் சிரப்பைத் தொடக் கூடாது. பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் அலுமினியம் என்று இருக்கிறதா என்று பேரனையோ பேத்தியையோ படிக்கச் சொல்லுங்கள்.

இனி கடை. அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். தெருவுக்குள் நுழைந்தாலே பட்டறைச் சத்தம் கேட்கும். நான் போன கடையில் ஐயா ஒருவர் பொறுமையாக எடுத்துக் காட்டினார். ஹார்ட் அனோடைஸ்டு குக்கரில் ஐ.எஸ். 2347 முத்திரை இருந்தது. பிரஷர் குக்கருக்கு அந்த முத்திரை கட்டாயம், இல்லாத குக்கரைக் கையில்கூட எடுக்க வேண்டாம். பக்கத்து ரேக்கில் வார்ப்புச் சட்டிகள் அடுக்கியிருந்தன: கனமானவை, உள்ளே சொரசொரப்பாக இருந்தவை, கடைந்து பாலிஷ் போட்டவை எல்லாம் இருந்தன.

"இது ஹெவி கேஜுங்க அம்மிணி, பேரன் காலத்துக்கும் வரும். இண்டாலியமுங்க" என்றார்.

"முத்திரை ஏதாச்சும் இருக்குங்களாய்யா?"

"அதெல்லாம் இதுக்கு வராதுங்க. உருக்கி ஊத்துற சாமான்."

"எதை உருக்கறாங்க?"

"பழைய அலுமினியந்தானுங்க. வண்டிச் சாமான், கம்பி, எல்லாஞ் சேர்ந்து வரும்."

ஐயா எதையும் மறைக்கவில்லை, அந்த நேர்மைக்காகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போவேன். ஆனால் அவர் சொன்ன பதிலில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. இஞ்சின் பாகம், ரேடியேட்டர், பழைய கம்பி எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கும்போது அலுமினியத்தோடு காரீயம் (லெட்), காட்மியம் என்கிற நச்சு உலோகங்களும் சேர்ந்து வரலாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் காரீயம் பிரிந்து போய்விடாது. கேமரூனில் பழைய உலோகத்தை உருக்கிச் செய்த சமையல் பாத்திரங்களை ஆராய்ந்தவர்கள், புளிப்பான கரைசலில் காரீயம் கரைந்து வருவதை 2014-ல் எழுதினார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருப்பது ஏன் என்று தேடிப் போன சுகாதாரத் துறையினர், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர்களைக் கண்டுபிடித்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையில் இந்தியாவில் செய்த பாத்திரமே இருந்தது. ஹிண்டாலியம், இண்டாலியம் என்று விற்கப்படும் உலோகத்திலிருந்து உணவில் காரீயம் இறங்குகிறது என்று பெயர் சொல்லியே எழுதினார்கள்.

அலுமினியத்துக்கு வாரக் கணக்கில் ஒரு வரம்பு உண்டு. காரீயத்துக்குக் குழந்தைகளிடம் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது. படிப்பு, கவனம், பேச்சு, எல்லாவற்றிலும் கை வைக்கும், போனது திரும்பாது. இதைப் பாத்திரத்தைப் பார்த்தோ, தட்டிப் பார்த்தோ, காந்தம் வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. எடை அதிகம் என்பது நல்ல சரக்குக்கு அடையாளமும் ஆகாது. நல்ல அலுமினியத் தகட்டை அழுத்திச் செய்த, தரமுத்திரை உள்ள பாத்திரம் வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே சாமான் என்று எண்ணக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்த வார்ப்பு வடச்சட்டியை இப்போது யாரும் சமையலுக்கு எடுப்பதில்லை. பழைய இரும்புக்காரரிடமும் போடவில்லை, அவரிடமிருந்து அது மறுபடியும் ஒரு சட்டியாகத்தான் வரும். மண் போட்டுக் கற்றாழை வைத்திருக்கிறேன்.

கடையின் பின்புறம் பட்டறையில் பாலிஷ் போடுகிற பையன் வாயில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தான். முகமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. அலுமினியத்தால் கெடுதல் என்று பேசுகிற போதெல்லாம் நாம் சட்டியைப் பற்றியே பேசுகிறோம். தூளாகச் சுவாசிக்கிறவர்கள் கணக்கில் வருவதே இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 1943 முதல் 1979 வரை சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கல்தூசியால் நுரையீரலில் வரும் சிலிக்கா நோய் வராமல் தடுக்கும் என்று நம்பி, வேலைக்கு முன்னால் நுண்ணிய அலுமினியத் தூளை அறைக்குள் ஊதிச் சுவாசிக்கவே வைத்தார்கள். மெக்கின்டயர் பவுடர் என்று அதற்குப் பெயர். அவர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதை 2020-ல் வந்த ஆய்வு காட்டியது, பிறகு அதைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடும் கொடுத்தார்கள். நம் சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலையில் அலுமினியத் தூளால் கையும் முகமும் வெள்ளியாக மின்னுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். குளித்தாலும் நகக்கண்ணில் போகாது என்றார்கள். நல்ல முகமூடியும் காற்றுறிஞ்சியும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் குக்கரைவிட ஆயிரம் மடங்கு முக்கியமான விஷயம்.

வார்டில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அலுமினியத்துல சமைச்சா மறதி நோய் வருமாங்க?" 1965-ல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்பு இழைகள் முறுக்கிக்கொண்டதைப் பார்த்ததிலிருந்து இந்தப் பயம் தொடங்கியது. பிறகு பார்த்தால் அந்த முறுக்கலும் அல்சைமர் நோயாளியின் மூளையில் இருப்பதும் ஒன்றில்லை. அறுபது வருடமாகத் தேடியும், பாத்திரத்திலிருந்து வரும் அலுமினியம் அல்சைமரை உண்டாக்குகிறது என்று நிரூபணமாகவில்லை. டயாலிசிஸில் வந்த மூளை நோய் வேறு, அது அல்சைமர் கிடையாது. அலுமினிய உப்பு கலந்த வாசனை ஸ்பிரேயால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. தடுப்பூசியில் துணைப்பொருளாக இருக்கும் அலுமினிய உப்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, அதற்குப் பயந்து குழந்தைக்கு ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன்.

குக்கரைப் பற்றி மிச்சம் இருப்பவை. அரிசியும் பருப்பும் சாதம் இதில் அருமையாக வருகிறது, அடி பிடிப்பது ரொம்பக் குறைவு. கொள்ளு மூன்று விசிலில் மலர்ந்துவிடுகிறது. சூடு சீராகப் பரவுவதால் கேஸ் மிச்சம் ஆவது தெரிகிறது. எவர்சில்வர் கரண்டி போட்டால் கோடு மாதிரித் தெரியும், அது பெரும்பாலும் கரண்டியின் உலோகம் படிவதுதான், தேய்த்தால் போய்விடும். டிஷ்வாஷரில் போடவே கூடாது, அந்தச் சோப்புத்தூளின் காரம் கருப்புப் படலத்தைத் தின்றுவிடும். கம்பி நார் போட்டுப் பலம் காட்டித் தேய்ப்பதும் வேண்டாம். வேலைக்கு வருகிற அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பளபளப்பாக்கிக் காட்ட வேண்டும் என்று அவர் நினைப்பது இயல்பு. உள்ளே எங்காவது வெள்ளையாக உலோகம் தெரியத் தொடங்கினால், அந்தக் குக்கரில் புளி, தக்காளி சமைப்பதை நிறுத்திவிட வேண்டும். எனக்குப் பிடிக்காத விஷயம் கைப்பிடி. திருகு அடிக்கடி லூஸாகிறது, ஸ்க்ரூடிரைவர் அடுப்படியிலேயே இருக்கிறது. ஒரு மதிப்பெண் அதற்காகத்தான் குறைத்தேன். கேஸ்கெட் வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

சாதாரண அலுமினியக் குக்கர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் குக்கருக்குள் எவர்சில்வர் அடுக்கில்தானே சோறும் பருப்பும் வைக்கிறோம்? அலுமினியத்தைத் தொடுவது அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும். கருக்காமல் இருக்க அதில் எலுமிச்சைத் தோலோ புளித்துண்டோ போடுவார்கள், போடட்டும், அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. குழம்பை மட்டும் நேராக அதில் வைக்காதீர்கள், வைத்தாலும் ராத்திரி முழுக்க அதிலேயே விடாதீர்கள். மோரும் அப்படித்தான். இட்லித் தட்டு அலுமினியமாக இருந்தால், அடுத்த முறை வாங்கும்போது எவர்சில்வராக மாற்றிக்கொள்ளுங்கள். புளித்த மாவு, ஆனாலும் கொஞ்ச நேரம்தான் தட்டில் இருக்கிறது, நடுவில் துணியும் இருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை.

அவசரம் வேறு இடத்தில். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் அலுமினிய ஃபாயிலில் சுற்றி ரயிலுக்குக் கொண்டுபோகிற வழக்கத்தை விடுங்கள். மறுநாள் பிரித்தால் ஃபாயிலில் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையில் இருந்த உலோகம் சோற்றுக்குள்தான் இருக்கிறது. எவர்சில்வர் டிபனில் புளிச்சோற்றை வைத்து மேலே ஃபாயில் மூடினால் இன்னும் மோசம், இரண்டு உலோகமும் உப்புப் புளியும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து ஃபாயிலை அரித்துவிடும். வாழையிலை வாட்டிக் கட்டுங்கள். கல்யாண மண்டபத்திலும் மெஸ்ஸிலும் ரசத்தைக் காலையிலிருந்து மத்தியானம் வரை அலுமினியக் குண்டானில் சிம்மில் வைக்கிறார்கள். சமையல்காரரிடம் எவர்சில்வர் அண்டாவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம்; வாடகைப் பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது.

சிறுநீரக நோயாளி இருக்கிற வீட்டுக்கு என் கணக்கு இதுதான்: ஒரு டிரைப்ளை அல்லது எவர்சில்வர் சட்டி அவருடைய குழம்புக்கும் ரசத்துக்கும், வயிற்றெரிச்சல் சிரப்புக்கு டாக்டரிடம் கேள்வி, டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் யூனிட்டில் இன்னொரு கேள்வி. "தண்ணீர் டெஸ்ட் கடைசியாக எப்போது லேபுக்குப் போனது, அலுமினியம் எவ்வளவு வந்தது?" இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எங்கள் யூனிட்டில் யாராவது கேட்டால் ஃபைலை எடுத்துக் காட்டுவேன். காட்டத் தயங்குகிற இடமாக இருந்தால், பில் கட்டுவதற்கு முன்னால் மறுபடியும் கேளுங்கள்.